சாணிக்கூடையில் வந்த பால்

1943-ஆம் வருஷம். மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கிள்ளான் பட்டணத்தை விட்டு வெளியே வந்து, ஆற்றை ஒட்டிப் போகும் மண்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் மாட்டுக் கொட்டகை. அதன் பின்பக்கத்துப் பலகை வீட்டில்தான் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். நடந்ததைச் சொல்லுமுன் ஒரு எச்சரிக்கை. இது வயிற்றுக் கதை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து படியுங்கள். யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. என் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது கேரித்தீவுத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில். அங்கே பால் என்றால் டின் பால்தான். தீபாவளி, பொங்கல் என்றால் தேத்தண்ணியில் ஒரு கரண்டி விழும். மற்ற நாளெல்லாம் கறுப்புத் தேத்தண்ணி. அப்படிப்பட்டவளுக்குப் பால்காரர் மாப்பிள்ளை அமைந்ததும் லயமே வாயைப் பிளந்தது. "நீ குடுத்து வெச்சவடி, இனிமே பால்லயே கை கழுவலாம்" என்றார்கள். சம்பான் படகில் ஏறி அக்கரைக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பாலில் கை கழுவுவதைவிடப் பெரிய கனவு என்ன இருக்க முடியும்?

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மாடுகளோடு பேசுவதில் பாதிகூட என்னோடு பேசமாட்டார். ஆனால் விடியற்காலையில் கறந்த பாலில் முதல் டம்ளர் எனக்குத்தான். நுரையோடு கொண்டுவந்து நீட்டுவார். நான் குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பார். காலி டம்ளரை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, சைக்கிளில் பால் தூக்குகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அதுதான் எங்கள் கொஞ்சல். மத்தியானம் கட்டித் தயிர், சாயந்தரம் மோர், ராத்திரிச் சோற்றில் நெய் என்று அந்த வீட்டில் எல்லாம் மாட்டிலிருந்துதான் வந்தது.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, வயிறு கெட ஆரம்பித்தது. முதலில் வலி. அடிவயிற்றைத் துணி பிழிவதுபோல் பிழியும். பிறகு ஓட்டம், அதன்பின் ரத்தம். சில வாரம் நின்றுவிடும், அப்பாடா என்று நினைப்பேன், மறுபடியும் வரும். டவுன் ஆஸ்பத்திரி டிரசர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடலில் புண் என்றார். மருந்து கப்பலில் வரவேண்டும், வந்ததும் தருகிறேன் என்றார். கப்பல் வரவில்லை, சண்டைதான் வந்தது.

வயிற்றுப்போக்குக்கு நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? மோர் குடி. தயிர்சாதம் சாப்பிடு. சூடு தணிய ராத்திரி பால் குடி. பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் சொன்னார்கள். சொல்லும்போதே, பால்காரன் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்கிற பொறாமையும் அவர்கள் முகத்தில் தெரியும். நான் மெலிய மெலிய அவர் பாலைக் கூட்டினார். ஒரு டம்ளர் இரண்டாயிற்று. சேலையை இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டும் அளவுக்கு ஆனபிறகு, நான் பிழைக்க மாட்டேன் என்று அவர் பயந்துவிட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். எனக்கு அளவோடு இருந்தபோதே அது நஞ்சாகத்தான் இருந்திருக்கிறது. அப்போது அது யாருக்குத் தெரியும்?

பிறகு ஒருநாள் பட்டாளத்து லோரி எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றது. இனிமேல் கறக்கிற பால் முழுவதும் அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டார்கள். கறக்கிற நேரத்துக்குச் சிப்பாய்கள் வந்து பக்கத்திலேயே நின்று அளந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாடுகளும் புண்ணாக்கு இல்லாமல் எலும்பும் தோலுமாக இருந்தன. இத்தனைக்கும் நடுவே என் டம்ளர் மட்டும் நிற்கவில்லை. சிப்பாய் திரும்புகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் பாலை வைக்கோலுக்குள் ஒளித்துவிடுவார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்கிற கதைதான். நான்தான் அந்தப் பூனை.

அதுவும் நீடிக்கவில்லை. சில சிப்பாய்கள் கொட்டகையின் முன்பக்கத்திலேயே வந்து தங்கிவிட்டார்கள். பின்பக்கத்தில் வயசுப்பெண் நான். ராத்திரிகளில் அவர் வாசற்படியிலேயே அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி எத்தனை நாள் இருக்க முடியும்? ஒரு விடியலில், அவர்கள் எழுவதற்கு முன்னால், என்னைப் பின்பாதை வழியாகக் கூட்டிக்கொண்டு நடந்தார். என் கையில் ஒரு சட்டி நிறையத் தயிர்.

போன இடம் ஒரு சீனத்தியின் காய்கறித் தோட்டம். சதுப்பைத் தாண்டி, லோரி நுழைய முடியாத இடத்தில் இருந்தது. அவள் ரொம்ப நாளாக எங்கள் கொட்டகையில் சாணி எடுக்கிறவள். தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்க வருவாள். சாணியை அள்ளிக்கொண்டு, பதிலுக்குக் கத்தரிக்காயோ பீர்க்கங்காயோ வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் பழக்கம். அவள் புருஷனைப் பட்டாளத்துக்காரர்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய், அதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் நாலு வார்த்தை சொன்னார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குடிசைக் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, தண்ணீர் ஊற்றும் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தக் குடிசையில் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பலவீனம் அப்படி. பலகைக் கட்டிலில் படுத்தபடியே வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடியலில் பனிக்குள்ளே அவள் தலை மட்டும் போகும், வரும். இரண்டு கையிலும் பூவாளி. தண்ணீர் மண்ணில் விழுகிற சத்தம் கேட்கும். வெயில் ஏறியதும் அத்தாப்பு ஓலைக் கூரை இடுக்கில் வெளிச்சம் சொட்டுச் சொட்டாக இறங்கி என் சேலைமேல் நகரும். அதைப் பார்த்துக்கொண்டே கண் மூடுவேன். திறந்தால் வெளிச்சம் கால்பக்கம் போயிருக்கும். வெள்ளைக் கொக்கு ஒன்று பாத்திக்குப் பாத்தி நடக்கும். நாள் கிழமை எல்லாம் அந்த ஈரத்தில் கரைந்துபோயிற்று. நான் செத்துத்தான் போய்விட்டேனோ, செத்தவர்கள் வந்து சேருகிற இடம் இப்படித்தான் பச்சைப்பசேலென்று இருக்குமோ என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தேன். நினைத்தபோது பயம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. நான் கொண்டுபோன தயிர்ச்சட்டியைத் திறந்து பார்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சாணியை வெறுங்கையால் அள்ளி, அதே கையால் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறவள்! நான் தூங்கி எழுந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. தயிர் எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

"இது சூடா பூசுக்லா, ஆ மோய்!" என்றாள். கெட்டுப்போய் நாறுகிறதாம். சின்னப் பெண்களை அப்படித்தான் ஆ மோய் என்று கூப்பிடுவார்கள்.

என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கடுகுக்கீரைப் பாத்தியின் வேரில் என் தயிர் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. கெட்டுப்போன பாலை இந்தப் பெண் தின்றால் செத்துவிடும் என்று நல்ல மனசோடு புதைத்திருக்கிறாள். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சிப்பாய் கண்ணில் மண்ணைத் தூவி அவர் சேர்த்த பால் அது. அழுகிறவளைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ, உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

அரிசி கண்ணில் படாத காலம். எங்கே பார்த்தாலும் மரவள்ளிக்கிழங்கு. அவள் கட்டிலுக்கடியில் மண்ணைத் தோண்டி, ஒரு டின்னை எடுத்தாள். அதில் கொஞ்சம் நொய் இருந்தது. புருஷன் வந்தால் சமைத்துப் போட என்று புதைத்து வைத்திருந்தாளாம். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீரும் உப்பும் சேர்த்து, நொய் கரைகிறவரை கொதிக்கவைத்தாள். பீர்க்கங்காயைத் தோல் சீவிக் குழைய வேகவைத்தாள். "மாகான், ஆ மோய், மாகான்" என்று சாப்பிடச் சொல்லிக் கிண்ணத்தை என் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டாள். கோபத்தோடுதான் குடித்தேன். மறுநாளும் அதுவே. அதற்கடுத்த நாளும் அதுவே. அந்த வீட்டில் பால் என்கிற பேச்சே கிடையாது. அவள் பரம்பரையில் யாரும் பாலைத் தொட்டதில்லை.

வயிறு மெல்ல அடங்கியது. முதலில் எனக்கே தெரியவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பாத்திவரை நடந்து, ஒரு பூவாளியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினேன். பாதி வாளிதான். ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நினைவு வந்தது, நேற்றும் வலி இல்லை, முந்தாநாளும் இல்லை. ரத்தமும் நின்றிருந்தது. தண்ணீர் மாறியதால் இருக்கும், கொட்டகைப் பயம் இல்லாததால் இருக்கும், மாரியாத்தா கண்ணைத் திறந்திருப்பாள் என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டேன். பாலைப் பற்றி நினைக்கவேயில்லை. அம்மாவை யாராவது சந்தேகப்படுவார்களா? பால் எங்களுக்கு அப்படி.

ஒரு நடுப்பகலில் என் வீட்டுக்காரர் சாணிக்கூடையைச் சுமந்துகொண்டு வந்தார். என்னைப் பார்க்க வேறு சாக்கு இல்லை, சாணி கொண்டுபோகிறேன் என்றால் சிப்பாய்கள் விட்டுவிடுவார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"மாடு முட்டிடுச்சி."

அவர் மாடுகள் அவரை முட்டாது. அவர் வியர்வையை நக்கிக்கொண்டு நிற்கும். நான் மேலே கேட்குமுன் அவர் கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டார். சாணிக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்தால் சோயாச் சாறு கிச்சாப்பு வந்த ஒரு போத்தல், நிறையப் பால். எந்தச் சிப்பாயும் சாணிக்குள் கையை விட்டுப் பார்க்கமாட்டான் என்று கண்டுபிடித்திருக்கிறார். அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்ல? கன்னம் வீங்கியிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் எதிரிலேயே நின்று பார்த்துவிட்டு, நிம்மதியாகக் காலிக்கூடையோடு போனார். சதுப்பின் ஓரத்தில் அவர் தலை மறைகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் வயிற்றைப் பிழிய ஆரம்பித்தது. குடிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ரத்தம் வந்தது.

மறுபடியும் கட்டில், மறுபடியும் கூரை இடுக்கு வெளிச்சம். ஆனால் இந்த முறை தூக்கம் வரவில்லை. புத்தி மட்டும் தெளிவாக ஓடியது. லயத்தில் பால் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. கல்யாணமாகிப் பால் வந்தது, வலியும் வந்தது. இந்தக் குடிசையில் பால் இல்லை, வலி நின்றது. இன்று ஒரு போத்தல் வந்தது, கூடவே ரத்தமும் வந்துவிட்டது. இத்தனை எளிதான கணக்கை இத்தனை நாளும் போடாமல் இருந்தேனே என்று சிரிப்புகூட வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடிபோன பிறகு, ஒரு டாக்டர் என் நோய்க்குச் சரியான பெயர் சொன்னார். குடல் தானாகவே புண்ணாகிப் புண்ணாகி ஆறுகிற நோயாம். பால் அதை உண்டாக்கவில்லை, என்னைப்போன்ற சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் கிளறிவிடுகிறது, எல்லோருக்கும் அப்படியில்லை என்றார். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுத் தயிர்ச்சட்டியைத் தோட்டத்தில் கவிழ்க்க வேண்டாம். உங்கள் வயிற்றைப் பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நான் சொல்வது என் வயிற்றின் கணக்கு மட்டும்தான்.

அன்றைக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இனி பால் வேண்டாம் என்று அவரிடம் சொல்வதுதான் மிச்சம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், முதலில் இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியைச் செடிக்கு ஊற்றலாம் என்று கோழைத்தனமாக ஒரு யோசனையும் வைத்திருந்தேன். சீனத்தி அந்த யோசனையைக் கெடுத்தாள். மறுநாள் அவள் எங்கள் கொட்டகைக்குச் சாணி எடுக்கப் போய்விட்டு வந்தாள். கூடையை இறக்கியதும் என் முன்னால் வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாளியைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். தன் கன்னத்தில் தானே பளார் பளாரென்று அடித்துக்கொண்டாள்.

"ஜிப்புன்" என்றாள். "லாக்கி லு." ஜப்பான்காரன். உன் புருஷன். அப்படி மண்டிபோட வைத்து அவரை அடித்திருக்கிறார்கள்.

பிறகு விரலைக் கழுத்துக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்த முறை பால் குறைந்தால் தலை போகும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எப்படி அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்கு உடனே விளங்கியது. எடுத்த பாலுக்குப் பதில் தண்ணீர் விட்டிருந்தால் அளவு சரியாக இருந்திருக்கும். ஊரில் எத்தனை பால்காரர்கள் அதைச் செய்து வீடு கட்டியிருக்கிறார்கள்! என் வீட்டுக்காரர் திருடுவார், கலக்கமாட்டார். எதிரிக்குக் கொடுக்கிற பாலில்கூடத் தண்ணீர் கலக்க அவருக்குக் கை வராது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எந்தப் பால் என் குடலை அறுத்ததோ அந்தப் பாலுக்காக அவர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் வருகிறவரை எனக்கு உயிர் உயிராக இல்லை. ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது, கொட்டகையில் சிப்பாய்கள் இருந்தார்கள். சீனத்தியிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், பெண்டாட்டிக்குப் பால் ஆகாது என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். நான்தான் சொல்லவேண்டும். பாத்திகளுக்கு நடுவே நடந்துகொண்டே கீரைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். கீரைகளிடம் சுலபமாக இருந்தது.

வானம் கறுத்துக்கொண்டு நின்ற ஒரு பிற்பகலில் அவர் வந்தார். கூடையை இறக்கினார். கையை உள்ளே விட்டு, போத்தலை எடுத்துத் தன் வேட்டி முனையால் துடைத்தார். சீனத்தி எங்களைப் பார்த்துவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தூரத்துப் பாத்திக்குப் போனாள்.

"குடி புள்ள. இன்னிக்குக் கெட்டிப் பாலு."

"வேணாங்க."

"வயிறு நெறஞ்சிருக்கா? வெச்சிருந்து அப்புறமா குடி."

"இன்னிக்கு மட்டும் இல்லங்க. இனிமே எனக்குப் பாலே வேணாம்."

முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னா பேச்சுப் பேசுற? பால்காரன் பொண்டாட்டி பால வேணாங்குறதா? இந்த வீட்டுல இருந்து உனக்கும் பாலு நாத்தமாப் போச்சா?"

"நாத்தம் இல்லங்க. அது உள்ள போனா என் கொடலு தாங்கல. இங்க வந்து பாலு இல்லாம இருந்தேன், ரத்தம் நின்னுச்சி. அன்னிக்கு நீங்க கொண்டாந்தத குடிச்சேன், சாயந்தரமே திரும்பி வந்துடுச்சி."

"பாலு எப்படி புள்ள ஆகாமப் போவும்? பச்சப் புள்ளையே அதக் குடிச்சித்தான் வளருது."

"எனக்கு ஆகல. என்னைய என்னா செய்யச் சொல்றீங்க?" என் குரல் என்னை அறியாமல் உயர்ந்தது. "உங்கள மாடு முட்டலன்னும் எனக்குத் தெரியும். எவன் அடிச்சான், ஏன் அடிச்சான், எல்லாம் தெரியும். எனக்கு ஆகாத ஒரு வாய் பாலுக்கு உங்க தலயக் குடுக்கப் போறீங்களா? அப்புறம் நான் யார்கூட இருக்குறது?"

அவர் பாத்தி வரப்பில் மெல்ல உட்கார்ந்தார். போத்தல் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாண நாளிலிருந்து ஒவ்வொரு விடியலாக அவர் மனசுக்குள் பின்னால் போய்க்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

"உனக்கு முடியல, முடியலன்னுதான புள்ள நான் ரெண்டு டம்ளரா ஆக்குனேன்" என்றார். "நானே என் கையால..."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தமே இல்லை. வீங்கின கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, அவ்வளவுதான். இதைச் சொல்லாமலே செத்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, நான் செத்திருந்தாலும் அந்தப் பாலைக் கல்லறையிலும் கொண்டுவந்து ஊற்றுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சா குடுத்தீங்க? விடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க குடிங்க. பட்டாளத்துக்காரன் வந்ததுலேருந்து நீங்க ஒரு வாய் குடிச்சீங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். நான் போத்தலை அவர் வாயருகே கொண்டுபோனேன். மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும்போத்தலைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப உனக்கு என்னாதான் வேணும் புள்ள?"

லயத்தில் போட்டதைத் தின்றேன். கல்யாணமானபின் ஊற்றியதைக் குடித்தேன். சீனத்தி மோவாய்க்குக் கீழே பிடித்ததையும் குடித்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியில், "ஒண்ணும் வேணாங்க. சும்மா கொஞ்ச நேரம் என்கூட ஒக்காந்திருந்துட்டுப் போங்க" என்றேன்.

உட்கார்ந்திருந்தார். மழை வந்தது. இருவரும் குடிசைத் தாழ்வாரத்துக்கு நகர்ந்தோம். பாத்திகளும் சதுப்பும் தூரத்துத் தென்னைகளும் வெள்ளையாகக் கரைந்து, உலகத்தில் அந்தத் தாழ்வாரம் மட்டும்தான் மிச்சம் இருப்பதுபோல் இருந்தது. அவர் ஒவ்வொரு மாட்டைப் பற்றியும் சொன்னார். எது கன்றைத் தேடிக் கத்துகிறது, எது சிப்பாயின் தொப்பியைத் தின்னப் பார்த்தது என்றெல்லாம் சொன்னார். அத்தனை பேச்சு அவருக்குள் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. சாயந்தரம் கறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எழுந்திருக்கவில்லை. மழைச்சத்தத்தில் எப்போது அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேனோ தெரியாது. கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்து, என் முகத்தில் கொசு உட்காராமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மழையால் நேரமாயிற்று என்று சொல்லி அன்று தப்பிவிட்டாராம். சில வாரங்களில் பட்டாளத்துக்காரர்கள் வேறு எங்கோ போனார்கள், நான் வீட்டுக்குத் திரும்பினேன். சீனத்தியின் புருஷன் கடைசிவரை வரவில்லை. அவள் புதைத்து வைத்த நொய்யை நான்தான் தின்று தீர்த்தேன். அதற்கு அவளிடம் எப்படி நன்றி சொல்வது என்று எந்தப் பாஷையிலும் எனக்கு வரவில்லை. தன் தோட்டத்தில் ஒருத்தியின் நோய் எதனால் அடங்கியது என்பதும் அவளுக்குத் தெரியாது. கெட்டுப்போன பாலைக் கொட்டினோம் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரரும் போய் எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றும் என் வீட்டில் யாராவது முடியாமல் படுத்துவிட்டால் என் கால் முதலில் அடுப்பங்கரைக்குத்தான் ஓடப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை பேசாமல் காத்திருக்கிறேன்.